கொலைகாரன் யாருன்னு சொல்லிடாதீங்க!

ஹாஸ்டலில் ஒருத்தன் கையில் 'பொன்னியின் செல்வன்' இருந்தால் மரியாதையே தனி. "பரவாயில்லையே, வாசிக்கிற பழக்கம் எல்லாம் இருக்கே" என்பார்கள். அதே கையில் ஒரு க்ரைம் நாவல் இருந்தால் கேள்வி மாறிவிடும். "என்ன மச்சி, டைம் பாஸா?" படிக்கிறவனும் உடனே கூச்சப்பட்டு, "சும்மாடா, பஸ்ல போரடிச்சுது" என்று அட்டையைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிடுவான்.

அந்தக் கூச்சம் தேவையே இல்லை என்பதுதான் என் கட்சி.

முதலில் அந்தப் பொன்னியின் செல்வனையே எடுத்துக்குவோம். 1950-ல் கல்கி இதழில் தொடராக ஆரம்பித்த கதை. வாராவாரம் ஒரு இடத்தில் நிறுத்தி, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று ஊரையே ஏழு நாள் காக்க வைத்த கதை. ஒற்றர்கள், சதிக்கூட்டம், சுரங்கப்பாதை, மாறுவேடம் எல்லாம் உண்டு. ஐந்து பாகத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு கொலை. (படமே வந்தாச்சு, ஸ்பாய்லர்னு சண்டைக்கு வராதீங்க.) ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? நந்தினியா, ரவிதாஸன் கூட்டமா, பெரிய பழுவேட்டரையரா? கல்கி பல பேர் மேல் சந்தேகத்தைத் தூவிவிட்டு, கடைசிவரை விரல் நீட்டிச் சொல்லாமலே நகர்ந்துவிட்டார். எழுபது வருஷம் தாண்டியும் டீக்கடையிலும் யூடியூபிலும் அந்தச் சண்டை ஓயவில்லை. தமிழில் நாம் ரொம்ப மதிக்கிற நாவலுக்குள்ளேயே இவ்வளவு பெரிய மர்மக்கதை இருக்கு. அப்புறம் க்ரைம் நாவலைப் பார்த்து மட்டும் ஏன் மூக்கைச் சுளிக்கணும்?

நல்ல த்ரில்லரில் அப்படி என்னதான் சுகம்? கொலைகாரனைக் கண்டுபிடிக்கிறதில்தான் சுகம் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோணலை. கண்டுபிடிச்ச அடுத்த நிமிஷம் புத்தகம் முடிஞ்சு போயிடும். கடைசிப் பத்துப் பக்கத்தில் கிடைப்பது ஒரு நிம்மதி, அவ்வளவுதான். சுகம் அதுக்கு முன்னாடி இருக்கிற நூத்தி ஐம்பது பக்கத்தில் இருக்கு. விடை தெரியாமல், ஆனால் விடை நிச்சயமாக எங்கேயோ இருக்கு என்ற நம்பிக்கையோடு, நாமாக விரும்பித் தவிக்கிற அந்த நேரம்தான் சுகம். தாம்பரத்தில் பஸ் ஏறி, வண்டலூர் தாண்டி, கேளம்பாக்கத்தில் டிராஃபிக்கில் மாட்டி, கோவளம் வந்து இறங்கும்போது, "அந்த வாட்ச்மேன் ஏன் பொய் சொன்னான்?" என்பது மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் பாருங்க, அதைச் சொல்றேன்.

விடை தெரியாமல் இருப்பது நமக்கு இப்போ ரொம்ப அபூர்வமான அனுபவம். யோசிச்சுப் பாருங்க. ஒரு பாட்டில் வர்ற நடிகை யாருன்னு சந்தேகம் வந்தால் பத்து செகண்டில் தெரிஞ்சுடும். படம் ரிலீஸான அன்னிக்கு சாயங்காலமே 'க்ளைமாக்ஸ் விளக்கம்' வீடியோ வந்துடும். அசைன்மென்ட்டுக்கு விடை முந்தின செமஸ்டர் சீனியரின் டிரைவ் ஃபோல்டரில் இருக்கும், இல்லாவிட்டால் ஏஐ எழுதித் தரும். "தெரியலையே" என்று அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியமே நமக்கு வர்றதில்லை. அப்படி உட்கார்ந்திருப்பதில் ஒரு ருசி இருக்குன்னு நமக்குக் காட்டித் தர்றது த்ரில்லர்தான்.

அந்த ருசியைத் தமிழுக்குக் கொண்டு வந்தவர்களின் வரிசை பெரிசு. 1908-ல் ஜே.ஆர். ரங்கராஜு 'ராஜாம்பாள்' எழுதி, கோவிந்தன் என்ற துப்பறிவாளரை இறக்கினார். வடுவூர் துரைசாமி ஐயங்கார் 'திகம்பர சாமியார்' என்ற துப்பறியும் சாமியாரைப் படைத்தார். 1950-ல் அது படமானபோது அந்த வேஷம் போட்டவர் எம்.என். நம்பியார். பிற்பாடு எல்லாரும் வில்லனாகவே பார்த்த அதே நம்பியார்! தேவன் எழுதிய 'துப்பறியும் சாம்பு' வேற ரகம். அசட்டுத்தனமாக எதையோ செய்யப்போய், அதிர்ஷ்டத்தில் கேஸ் முடிஞ்சிடும். துப்பறியும் கதையையே கிண்டல் அடிக்கிற அளவுக்கு 1940-களிலேயே தமிழ் வாசகர்களுக்கு அது பழகிப் போயிருந்தது என்று அர்த்தம். அப்புறம் தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ் வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக் ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் சுசீலா, சுபாவின் நரேந்திரன் வைஜயந்தி. பஸ் ஸ்டாண்ட் கடையில் க்ளிப் போட்டுத் தொங்கிய மாத நாவல்கள் இவர்களை ஊர் ஊராகக் கொண்டு போய்ச் சேர்த்தன. 'தனி ஒருவன்' பார்த்துக் கைதட்டினவங்க கவனத்துக்கு: அதன் திரைக்கதையில் மோகன் ராஜாவோடு சேர்ந்து வேலை பார்த்த சுபா, அந்த மாத நாவல் உலகத்தில் இருந்து வந்த இரட்டையர்தான்.

இந்த வரிசையில் நம்மாளு ஒருத்தர் இருக்கார். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் அடுத்து சானடோரியம், அதற்கடுத்து குரோம்பேட்டை. அங்கே இருக்கிற எம்.ஐ.டி.யில் 1950-களில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர் எஸ். ரங்கராஜன். பிறகு பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் முக்கியப் பங்கு வகித்தார். மனைவியின் பெயரில் கதை எழுதினார். அந்தப் பெயர்தான் சுஜாதா. 1968-ல் குமுதத்தில் வந்த 'நைலான் கயிறு' தொடரில் கணேஷை அறிமுகம் செய்தார். வசந்த் பின்னால் வந்து சேர்ந்துகொண்டான்.

சுஜாதா கணேஷை வக்கீலாக வைத்தது எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்பது கொஞ்சம் யோசித்தால்தான் புரியும். நம்ம ஊரில் தனியார் துப்பறிவாளர் ஒருத்தர் கொலை நடந்த வீட்டுக்குள் போய் நின்றால் இன்ஸ்பெக்டர் என்ன சொல்வார்? "யாருய்யா நீ, வெளிய போ" என்பார். யாரையும் கைது செய்யவோ, வீட்டைச் சோதனை போடவோ அவருக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் வக்கீல் என்றால் குற்றம் சாட்டப்பட்டவரைச் சந்திக்கலாம், ஆவணங்களைக் கேட்கலாம், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம். கதை எங்கே நம்ப முடியாமல் போகுமோ அங்கே முன்கூட்டியே ஒரு முட்டுக் கொடுத்திருக்கார். டிசைன் எஞ்சினியர் புத்தி.

விடை தெரியாத சுகத்தை சுஜாதா எவ்வளவு தூரம் புரிஞ்சு வைத்திருந்தார் என்பதற்கு மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக் போதும். வசந்த் அடிக்கடி அதைச் சொல்ல ஆரம்பிப்பான். யாராவது குறுக்கே வருவார்கள், இல்லை கணேஷ் அதட்டுவான். கடைசிவரை ஜோக்கை முழுசாகச் சொல்லவே இல்லை. 2008-ல் சுஜாதா போய்விட்டார், ஜோக்கும் அவரோடு போய்விட்டது. சொல்லியிருந்தால் ஒரு நாள் சிரிச்சிட்டு மறந்திருப்போம். சொல்லாததால் இன்னிக்கு வரைக்கும் வாசகர்கள் அதைப் பற்றிப் பேசுறாங்க.

எஞ்சினியர் எழுதிய த்ரில்லர் என்றால் ஜப்பானில் இன்னொருத்தர் இருக்கார். கெய்கோ ஹிகாஷினோ. எலெக்ட்ரிக்கல் எஞ்சினியரிங் படித்து, வாகன உதிரி பாகங்கள் செய்கிற நிப்பான் டென்சோ கம்பெனியில் எஞ்சினியராக இருந்தவர். 1985-ல் ஒரு மர்ம நாவலுக்கு எடோகாவா ராம்போ விருது வாங்கி, அடுத்த வருஷம் வேலையை விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளர் ஆனார். அவருடைய 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' 2005-ல் வந்தது. அதில் யார் கொன்றது, ஏன் கொன்றது என்பதெல்லாம் ஆரம்பத்திலேயே நம் கண் முன்னால் நடந்து முடிஞ்சிடும். அப்புறம் என்ன மர்மம்? ஒரு கணக்கு வாத்தியார் அந்தக் கொலையை மறைக்கப் பார்க்கிறார். அவருடைய பழைய காலேஜ் நண்பரான இயற்பியல் பேராசிரியர் அதை உடைக்கப் பார்க்கிறார். எல்லாம் தெரிஞ்ச மாதிரியே இருக்கும். எது தெரியாது என்பதே நமக்குத் தெரியாது என்பது கடைசியில்தான் உறைக்கும். இதுக்கு மேல் சொல்ல மாட்டேன்.

நம்மை இப்படி ஏமாற்ற எழுத்தாளருக்கு உரிமை உண்டு. ஆனால் ஒரு நிபந்தனையோடு. ஏமாற்று வேலை நேர்மையாக இருக்கணும். ரொனால்ட் நாக்ஸ் என்று இங்கிலாந்தில் ஒரு பாதிரியார். அவரும் துப்பறியும் கதை எழுதினவர். 1929-ல் இந்த ஆட்டத்துக்குப் பத்து விதிகள் எழுதி வைத்தார். துப்பறிவாளர் கண்ணில் படுகிற தடயம் எல்லாம் வாசகர் கண்ணிலும் படணும். அமானுஷ்ய சக்தி வந்து கேஸை முடிக்கக்கூடாது. ரகசிய வழி ஒன்றுக்கு மேல் கூடாது. இரட்டைப் பிறவிகள் வருவதாக இருந்தால் வாசகரை முன்பே தயார்படுத்தியிருக்கணும். கடைசி விதியைப் படித்தபோது நம்ம பழைய டபுள் ஆக்‌ஷன் படங்கள் பாதி அடிபட்டுப் போகுமே என்று சிரிப்பு வந்தது. விஷயம் என்னவென்றால், விடை நம் மூக்குக்குக் கீழேயே இருந்திருக்கணும், நாம்தான் பார்க்காமல் விட்டிருக்கணும். "ச்சே, பதினாறாம் பக்கத்திலேயே சொல்லிட்டானே!" என்று தலையில் அடிச்சுக்கிட்டால் அது நல்ல த்ரில்லர். கடைசி அத்தியாயத்தில் புதுசாக ஒரு ஆள் வந்து "நான்தான் கொன்றேன்" என்றால் அது சிலபஸில் இல்லாத கேள்வி. கோபம் வரத்தான் செய்யும்.

ராஜேஷ்குமாரைக் கவனிங்க. கோயம்புத்தூர்க்காரர், 1500 நாவலுக்கு மேல் எழுதியவர். அவருடைய பிரபலமான உத்தி இரண்டு தண்டவாளம். ஒரு அத்தியாயத்தில் ஒரு கதை, அடுத்த அத்தியாயத்தில் சம்பந்தமே இல்லாத வேறொரு கதை. மாறி மாறி ஓடும். ஒன்றில் கதாநாயகி கதவைத் திறக்கிற இடத்தில் அத்தியாயம் முடியும், அடுத்த பக்கத்தில் வேறு ஊரில் வேறு யாரோ காபி குடித்துக்கொண்டிருப்பார்கள். நமக்கு இப்போது இரண்டு கேள்வி: கதவுக்குப் பின்னால் யார்? இந்தக் காபி குடிக்கிறவருக்கும் அந்தக் கதவுக்கும் என்ன சம்பந்தம்? இரண்டு பாதையும் எங்கே சேரும் என்ற எதிர்பார்ப்பே நம்மை இழுத்துக்கொண்டு போகும். கேட்க சிம்பிளாக இருக்கும். ஒரு தடவை நீங்களே எழுதிப் பாருங்க, அப்போ தெரியும் கஷ்டம்.

"வெப் சீரிஸ் பார்த்தாலும் இதே சுகம்தானே?" என்று கேட்கலாம். முக்கால்வாசி உண்மை. ஆனால் சீரிஸ் நமக்காக நிற்காது. ஒரு எபிசோட் முடிந்தால் அடுத்தது தானாக ஓட ஆரம்பிச்சிடும். சந்தேகப்படக்கூட நேரம் தராது. முகத்தில் காமிரா ரெண்டு செகண்ட் கூடுதலாக நின்றாலோ, பின்னணி இசை கொஞ்சம் மாறினாலோ "இவன்தான்டா" என்று தெரிஞ்சிடும். புத்தகத்தில் காமிராவும் நாம்தான், இசையும் நாம்தான். விரலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னால் புரட்டி, "இவ அன்னிக்கு ஊர்ல இல்லைன்னுதானே சொன்னா?" என்று சரிபார்க்கலாம். துப்பறிவாளரோடு பந்தயம் கட்டி ஓடுறது புத்தகத்தில்தான் நடக்குது.

என் கட்சிக்கு எதிராக ஒரு ஆராய்ச்சியே இருக்கு, அதையும் சொல்லிடறேன். 2011-ல் அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தைச் சேர்ந்த லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இரண்டு பேர் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்களுக்குச் சிறுகதைகள் கொடுத்தார்கள். சிலருக்கு முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள், சிலருக்குச் சொல்லவில்லை. முடிவு தெரிந்து படித்தவர்கள்தான் கொஞ்சம் அதிகமாக ரசித்தார்களாம். மர்மக் கதைகளிலும் அப்படித்தானாம்! ஸ்பாய்லர் சொல்லும் நண்பர்கள் இதைப் பிரேம் போட்டு மாட்டிக்கலாம்.

எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. முடிவு தெரிந்து படிக்கும்போது எழுத்தாளரின் கைவேலை தெரியும். எங்கே தடயத்தை ஒளித்தார், எந்த வரியில் நம்மைத் திசை திருப்பினார் என்று ரசிக்கலாம். நல்ல த்ரில்லரை இரண்டாவது தடவை படிப்பவர்கள் அதுக்காகத்தான் படிக்கிறாங்க. ஆனால் அந்த இரண்டாவது வாசிப்பு எப்ப வேணும்னாலும் கிடைக்கும். முதல் வாசிப்பு ஆயுசுக்கு ஒரே தடவை. அதை இன்னொருத்தர் வந்து நம் கையில் இருந்து பிடுங்கிக்கொள்ள என்ன உரிமை இருக்கு?

த்ரில்லரில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. பழைய மாத நாவல்களைத் திறந்தால் சில பக்கங்கள் இன்று நெளிய வைக்கும். கொலையாகும் பெண்ணை, செத்துக் கிடக்கும்போதுகூட, அளவெடுத்து வர்ணிப்பார்கள். அட்டைப்படத்தைக் கேட்கவே வேண்டாம். சில கதைகளில் போலீஸ் நாலு அடி போட்டால் உண்மை வந்துவிடும், கோர்ட்டுக்குப் போகாமலே வில்லனைச் சுட்டுத் தள்ளினால் நீதி கிடைத்துவிடும். விறுவிறுப்பில் நாமும் கைதட்டிவிடுவோம். புத்தகத்தை மூடி வைத்த பிறகு, "அடி வாங்கினவன் குற்றவாளியாக இல்லாமல் இருந்திருந்தால்?" என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். ரசிக்கிறதும் கேள்வி கேட்கிறதும் ஒரே ஆள் செய்யக்கூடிய வேலைதான்.

இதைவிட என்னைத் தொந்தரவு செய்கிற விஷயம் வேறு. க்ரைம் நாவலை மட்டம் தட்டுகிற அதே நாம், நிஜக் கொலை வழக்குகளைப் பற்றிய வீடியோக்களைச் சாப்பிடும்போது போட்டுப் பார்க்கிறோம். தம்ப்நெயிலில் செத்துப்போனவரின் கல்யாண ஃபோட்டோ, மேலே சிவப்பு வட்டம், "அடுத்து நடந்தது தெரிஞ்சா ஆடிப்போயிடுவீங்க" என்று தலைப்பு. கோர்ட் தீர்ப்பு வரும் முன்னாலேயே கமெண்ட்டில் "அந்த மருமகள்தான் செஞ்சிருப்பா" என்று தீர்ப்பு. அங்கே இருப்பது ஒரு நிஜக் குடும்பம். அந்த வீட்டுப் பிள்ளை நாளைக்கு நம்ம காலேஜிலேயே படிக்க வரலாம். நம் ஊகம் அவர்கள் மேல்தான் போய் விழும்.

நாவலில் செத்தவர் காகிதத்தில்தான் செத்தார். யாரை வேண்டுமானாலும் சந்தேகப்படலாம், தப்பாகச் சந்தேகப்பட்டால் ஒருத்தருக்கும் நஷ்டம் இல்லை. அதுவும் நல்ல த்ரில்லர் நம்மைத் தப்பான ஆள் மேல்தான் முதலில் சந்தேகப்பட வைக்கும். பாதிக் கதைக்கு மேல் நாம் திட்டித் தீர்த்த ஆள் நிரபராதி என்று தெரியும்போது சின்னதாக ஒரு வெட்கம் வரும். அவசரப்பட்டுத் தீர்ப்பு சொல்கிற பழக்கத்துக்கு வலிக்காமல் விழுகிற குட்டு அது. நிஜ வழக்கு வீடியோவில் அந்தக் குட்டு நமக்கு விழறதே இல்லை.

க்ரைம் நாவல் படிச்சா லாஜிக் வளரும், கோடிங்கில் டீபக் பண்ண வரும், பிளேஸ்மென்ட்டில் உதவும் என்றெல்லாம் சொல்லி நான் இதை விற்கப் போறதில்லை. ஏற்கெனவே நம் வாழ்க்கையில் எல்லாமே ரெஸ்யூமேயில் ஒரு வரியாக மாறிக்கொண்டிருக்கு. இதையாவது விட்டுவைப்போம். மாங்காயில் உப்பு மிளகாய்த்தூள் போட்டுச் சாப்பிடுறதுக்கு யாராவது காரணம் கேட்கிறாங்களா?

ஆரம்பிக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு என் சிபாரிசு இது. முதலில் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்'. பேயா, விஞ்ஞானமா என்று கணேஷும் வசந்தும் முட்டிக்கொள்ளும் கதை. ராத்திரி தனியாகப் படிக்கிறதா வேண்டாமா என்பது உங்கள் தைரியத்தைப் பொறுத்தது. அப்புறம் ராஜேஷ்குமாரில் கைக்குக் கிடைக்கிற ஏதாவது ஒன்று. 1500-க்கு மேல் இருக்கு, கிடைக்கலைன்னு சொல்ல முடியாது. தமிழ் படிக்க வராத ரூம்மேட் இருந்தால், சென்னை பிளாஃப்ட் பதிப்பகம் 2008-ல் ஆங்கிலத்தில் கொண்டு வந்த தமிழ் பல்ப் கதைத் தொகுப்பைக் கொடுங்க. ப்ரீதம் சக்ரவர்த்தி மொழிபெயர்த்தது. வீட்டில் பரண் மேல் அப்பா, அம்மா காலத்து மாத நாவல் கட்டு இருந்தால் பழைய பேப்பர் கடைக்குப் போவதற்குள் எடுத்துடுங்க. அந்தத் தாள் ரொம்ப நாள் தாங்காது, நிறைய நாவல்களுக்கு மறுபதிப்பும் வந்ததில்லை.

படிச்சு முடிச்சதும் ஹாஸ்டலில் பக்கத்து ரூமுக்குக் கொடுங்க. சரியா ஊகிச்சீங்களா, எங்கே ஏமாந்தீங்கன்னு உட்கார்ந்து பேசலாம். ஆனா கொஞ்சம் மெதுவா பேசுங்க. எதிர்க் கட்டிலில் போர்வைக்குள்ள படிச்சுக்கிட்டிருக்கிறவன் இன்னும் எட்டாவது அத்தியாயத்தில்தான் இருப்பான்.